பத்தடி ஒழுங்கையும் பதினொரு கதியாலும்

ஓர் உயிரின் விலை ஒன்பதரை நாள். மலிவோ கூடவோ என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் வெங்காய வியாபாரி, உயிர் எனக்குப் பழகின சரக்கு அல்ல. இதற்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்களைச் சுன்னாகம் சந்தையில் தினமும் காண்கிறேன். அப்படிச் சொல்கிறவன் சாக்கை அவிழ்க்கு முன்பே விலையை மனதில் எழுதி வைத்திருப்பான். ஒன்பதரை நாள் எப்படி வந்தது என்று பிறகு காட்டுகிறேன். வகுத்தல் கணக்குத்தான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சண்முகநாதன் ஐயா, நீங்கள் என் பிரக்கிராசி. வழக்குப் போடுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும் என்றீர்கள். சட்டம் படித்தவர்கள் அப்படிக் கேட்பது ஒரு மரியாதைக்கு என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். நேற்று நீங்கள் ஒரு நுணுக்கம் சொன்னீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால் எனக்கு நட்டம் இல்லை, லாபம் என்று விளங்கிவிட்டது. அதனால் சொல்கிறேன். உங்கள் கிளாக்கர் எழுதிக்கொள்ளட்டும். கதவைச் சாத்தத் தேவையில்லை, காற்று வரட்டும்.

பெயர் அருளம்பலம். வயது ஐம்பத்து நான்கு. என் மனைவி நாகேஸ்வரி மூத்தவள். அவளுக்கு ஒரே தங்கை, மகாதேவி. மாமியார் காணியை இரண்டு துண்டாக்கி இரண்டு பெண்களுக்கும் சீதனம் எழுதினார். ரோட்டோரத் துண்டு எங்களுக்கு, பின் துண்டு மகாதேவிக்கு. பின் துண்டுக்குப் போவதற்கு ரோட்டிலிருந்து பத்தடி அகலத்தில் ஓர் ஒழுங்கை. ஒழுங்கையின் ஒரு பக்கம் கோயில் காணியின் கல்மதில், மறுபக்கம் என் வேலி. இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது.

மாமியார் நீதி தவறாதவர். நல்ல தண்ணீர்க் கிணறு பின் துண்டில் வரும்படி பார்த்துப் பிரித்தார். இளைய மருமகன் தியாகலிங்கம் வாத்தியார், வெள்ளைவேட்டி. அவருக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மூத்த மருமகன் கடைக்காரன். அவனுக்கு உவர்த் தண்ணீரும் ரோட்டுப் புழுதியும் போதும். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடம் உவர்த் தண்ணீரில் தேநீர் குடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

லொறி அங்கே நின்றதற்கு ஆரம்பத்தில் ஒரு காரணமும் இல்லை. 1965ஆம் ஆண்டு மார்ச் மூன்றாம் திகதி, வெங்காயம் இறக்கிவிட்டு வெறுமனே வந்த லொறியின் கியர் பெட்டி என் வீட்டு வாசலில் உடைந்தது. ரோட்டில் விட்டால் பொலிஸ் வரும். சந்தியில் நின்ற எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஒழுங்கை வாயில் விட்டோம். எட்டுப் பேர் தள்ளினால் ஓடுகிற லொறி அது. இதை ஒருபக்கம் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கிழமை நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள். மறந்திருப்பீர்கள். சின்ன வெங்காயம் றாத்தல் நாற்பது சதம் என்றேன், முப்பத்தைந்துக்கு இழுத்தீர்கள். சரி போகட்டும் என்று இரண்டு றாத்தலைச் சும்மா கட்டித் தந்து, அதற்குப் பதிலாக ஒரு சட்டம் கேட்டேன். "பொது ஒழுங்கை ஒண்டு ஒருத்தருக்குச் சொந்தமாக வழி இருக்கோ ஐயா?" என்றேன். நீங்கள் பையைப் பிடித்துக்கொண்டே, "பத்து வருஷம் தடையில்லாமல் ஆண்டால் வழி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினீர்கள். காசு கொடுத்துக் கேட்டிருந்தால் உட்கார்ந்து சொல்லியிருப்பீர்கள். அது என் பிழை.

தடையில்லாமல் என்றால் எப்படி என்று சந்தையில் விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் வழக்கிலே பிறந்து வழக்கிலே வளர்ந்தவர்கள். வேலிக்குக் கிடுகு கட்ட வருகிறவன்கூடக் காணிச் சட்டம் சொல்வான். வைத்த பொருள் ஒருநாள் விலகினாலும் பத்து வருடத்தையும் முதலிலிருந்து எண்ணவேண்டும் என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒரே மாதிரிச் சொன்னபடியால் நம்பினேன். அன்றைக்கு ஒரு பிஸ்கட் பேணி எடுத்தேன். லொறி நின்ற நாளுக்குப் பிறகு கிழித்த தாள்களைப் பொறுக்கி அதில் போட்டேன். தினமும் காலையில் வெளியே வந்து லொறியைப் பார்ப்பேன், நிற்கிறதா என்று. நிற்கும். உள்ளே போய்ச் சுவர்க் கலண்டரின் தாளைக் கிழித்துப் பேணியில் போடுவேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான் அந்தப் பேணி. பத்து வருடத்துத் தாள்.

முதல் மாதம் தியாகலிங்கம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை, லொறி எப்ப வெளிக்கிடும்?"

"கியர் பெட்டி வரட்டும் தம்பி."

"எங்கையிருந்து?"

"கப்பலிலை."

"கப்பல் எப்ப வரும்?"

"அதை அரசாங்கத்திட்டைக் கேளும். நீர்தானே அரசாங்கச் சம்பளம் எடுக்கிறவர்."

அவர் சிரித்தார். முதல் மாதம் அல்லவா. கொஞ்ச காலத்தில் அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியது. நாடு முழுக்கத் திட்டியது. நான் மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கியர் பெட்டி வராததற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி யார் தரமுடியும்?

மூன்றாம் வருடம் அவர் பெட்டிசம் எழுதினார். ஆங்கிலத்தில், நான்கு பக்கம், கீழே ஒரு நீளமான கையெழுத்து. எங்கள் வட்டாரத்துக் கிராமச்சபை அங்கத்தவர் நமசிவாயம் அதை மடியில் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நாகேஸ்வரி புட்டும் மீன்குழம்பும் வைத்தாள்.

"அருளம்பலண்ணை, பெட்டிசம் இங்கிலீசிலை கிடக்குது. நடுவிலை ஒரு சொல்லு, எனக்குப் பொருள் பிடிபடேல்லை."

"பொருள் பிடிபடாத சொல்லுக்கு ஏன் ஐயா நடவடிக்கை எடுக்கிறியள்?"

"அதுவும் சரிதான். ஆனால் வாத்தியார் விடமாட்டார் போலை கிடக்கு."

"ஒழுங்கை கிராமச்சபையின்ரையோ?"

"இல்லை, உங்கடை உறுதியிலை கிடக்கிற ஒழுங்கை."

"அப்ப என்ரை உறுதியிலை என்ரை லொறி நிக்குது. உங்களுக்கென்ன, குழம்பு உறைப்பே?"

உறைப்பு இல்லை என்று இன்னொரு தரம் போட்டுக்கொண்டார். போகும்போது அரை மூட்டை வெங்காயம் வண்டியில் ஏறியது. தியாகலிங்கத்துக்கு வந்த பதில் இரண்டு வரி: தனியார் ஒழுங்கை, சபை தலையிடாது. பொலிசுக்கும் போனார். அவர்களும் அதையே சொன்னார்கள், வெங்காயம் வாங்காமலே.

லொறி வெறுமனே நின்றது என்று நினைக்காதீர்கள். அடுத்த வருடமே நான் வாடகை லொறிகளில் சரக்கு அனுப்பத் தொடங்கிவிட்டேன். ஆனால் இதைத் துருப்பிடிக்க விடவில்லை. ஆளுகிறவன் பொருளைப் பேணவேண்டும் அல்லவா. மாதம் ஒருமுறை மெக்கானிக் கிறகோரி வந்து சில்லுக்குக் காற்றடிப்பான், பிரேக் எண்ணெய் பார்ப்பான். "அண்ணை, ஓடாத லொறிக்கு எதுக்குப் பிரேக்?" என்று ஒருநாள் கேட்டான். "ஓடாமல் இருக்கத்தான்ரா பிரேக்" என்றேன். நல்ல பகிடி என்று சிரித்தான். நானும் பகிடியாகத்தான் சொன்னேன்.

நாகேஸ்வரி அதன் தட்டில் மிளகாய் காயப்போட்டாள். கோழிகள் சீட்டுக்கடியில் முட்டையிட்டன. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் அதில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் அசையாமல் நிற்கிற ஒன்றில்தானே ஒட்டமுடியும். மகாதேவியின் ஒரே மகள் பாலேஸ்வரிக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் லொறிக்குள் ஏறி பஸ் விளையாடுவாள், கொண்டக்டர் அவள்தான். நான் கடையால் வரும்போது வேலிப் பூவரசம் இலை ஒன்றைக் கிழித்து நீட்டி, "பெரியப்பா, ரிக்கற் எடுங்கோ, எங்கை போறியள்?" என்பாள். "சுன்னாகம்" என்பேன். "அங்கையிருந்துதானே வாறியள்?" என்பாள். கெட்டிக்காரி. பெரிய பிள்ளையானதும் அவளை லொறியில் ஏற விடவில்லை.

லொறிக்கும் மதிலுக்கும் இடையில் ஓரடி. லொறிக்கும் வேலிக்கும் இடையில் ஒன்றரை அடி. பத்து வருடமும் அந்த ஒன்றரை அடியால்தான் அவர்கள் போய் வந்தார்கள். தியாகலிங்கம் வாத்தியார் குடையை மடக்கி, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நண்டு மாதிரிப் போவார். சைக்கிளை ஒரு சில்லில் நிமிர்த்தித் தள்ளுவார். வழி மறித்தேன் என்று நாளைக்கு எதிர்ப்பக்கம் சொல்லும். மறிக்கவில்லை. ஒன்றரை அடி விட்டேன்.

1973 ஆவணியில் பாலேஸ்வரிக்குக் கலியாணம் சரிவந்தது. கரவெட்டி மாப்பிள்ளை. மகாதேவி தானே வந்தாள். என்னைக் கண்டு கதைக்கவேண்டுமென்றால் அவள் எப்போதும் கையில் எதையாவது கொண்டு வருவாள். அன்றைக்கு ஒரு சட்டி பனங்காய்ப் பணியாரம்.

"அத்தான், ஒரு நாளைக்கு. மாப்பிள்ளையின்ரை கார் படலையடிக்கு வந்தாக் காணும். பிறகு நீங்கள் உதைக் கொண்டுவந்து விடுங்கோ, நான் ஒண்டும் சொல்லேன்."

ஒரு பணியாரம் எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. "பிள்ளை, அது அறுபது அந்தர் இரும்பு. தள்ளேக்கை ஆராவது நசிஞ்சுபோனால் கலியாணவீடு செத்தவீடாப் போம். எனக்கு விருப்பமில்லையெண்டே நினைக்கிறாய்?" என்றேன்.

அவள் சட்டியை வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளையின் கார் லொறிக்குப் பின்னால் நின்றது. மாப்பிள்ளை தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். தோழன் குடையை மடக்கினான். தவில் மட்டும் நுழையவில்லை. இரண்டு பேர் லொறித் தட்டில் ஏறி, அதை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மறுபக்கம் இறக்கினார்கள். சனம் சிரித்தது. தியாகலிங்கத்தின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பொம்பிளைக்கு முக்கால் பவுணில் மோதிரம் போட்டேன். அன்று பேணிக்குள் மூவாயிரத்துக்கு மேல் தாள் இருந்தது. ஒன்றரை வருடம் பாக்கி. இதற்கு மேல் யார் விடுவார்கள்?

முதல் பிள்ளைப்பேறு தாய்வீட்டில் என்பது உங்களுக்குத் தெரியும். பாலேஸ்வரி வந்திருந்தாள். எட்டாம் மாதம் ஒருநாள் அந்த ஒன்றரை அடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவும் முடியவில்லை, திரும்பவும் தயக்கம். என்னைக் கண்டு சிரித்தாள். "பெரியப்பா, பஸ் நிரம்பிப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை.

1975 பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி, புதன்கிழமை. காலையில் கிழித்த தாளோடு மூவாயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று. இன்னும் பத்தொன்பது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சோற்றில் கை வைத்த நேரம் பின்வளவில் சத்தம் கேட்டது. மருத்துவிச்சி இரத்தினம்மா வாசலுக்கு வந்து கத்தினாள்: "பிள்ளை குறுக்கை கிடக்குது, இரத்தம் போகுது. ஆசுப்பத்திரிக்குக் கார் வேணும். மல்லாக்கக் கிடத்தினபடி கொண்டுபோக வேணும், எழுப்பி இருத்தப்படாது!"

தியாகலிங்கம் வேட்டி அவிழ ஓடிப்போய்ச் சந்தியிலிருந்து மரியரட்ணத்தின் வாடகைக் காரைக் கொண்டு வந்தார். கார் லொறிக்குப் பின்னால் நின்றது. அவளைக் கிடத்தியிருந்த கட்டில் மூன்றடி அகலம். வழி ஒன்றரை அடி. தவிலைப்போல லொறித் தட்டுக்கு மேலால் ஏற்றினால் கட்டில் சரியும். பாயில் சுருட்டி எடுப்போம் என்று ஒருவன் சொன்னதற்கு இரத்தினம்மா, "அது வெங்காய மூட்டையே?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, தள்ளுவம்" என்றார் தியாகலிங்கம். பத்து வருடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அயலில் உள்ளவர்கள், ரோட்டால் போனவர்கள் என்று பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஏலாது என்று சொல்ல நான் என்ன மிருகமா? "தள்ளுவம், தள்ளுவம். சுக்கானை நான் பிடிக்கிறன், இல்லாட்டில் மதிலிலை போய் ஏறும்" என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

எட்டுப் பேர் தள்ளினால் ஓடுகிற லொறி என்று முன்பே குறித்து வைக்கச் சொன்னேன். பத்துப் பேர் தள்ளினார்கள். லொறி அசையவில்லை.

நான் சுக்கானை இப்படியும் அப்படியும் வெட்டினேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். எல்லாரும் என் கைகளைப் பார்த்தார்கள். கால் கீழே இருந்தது. கிறகோரி கெட்டிக்காரன், பத்து வருடத்தில் அந்தப் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அறுபது அந்தர் இரும்பையும் பத்து ஆம்பிளைகளையும் ஒரு காலால் பிடிப்பது லேசான வேலை என்று நினைக்கவேண்டாம். வியர்த்துக் கொட்டியது. சில்லு துருவேறி இறுகிவிட்டது என்று ஒருவன் சொன்னான். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானும் சொன்னேன்.

மரியரட்ணம்தான் காரைவிட்டு இறங்கி வந்து, "எதுக்கு இந்தப் பாடு? இந்த வேலியை வெட்டுங்கோ. ஐயாவின்ரை வளவுக்குள்ளாலை கட்டிலோடை தூக்கிக்கொண்டு வருவம்" என்றான்.

வேலி வெட்டுவது எங்களில் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது, அவன் வேதக்காரன். கூடாத நாளில் செத்தவர்களைப் படலையால் கொண்டுபோகக் கூடாதென்று வேலியை வெட்டித்தான் வெளியே எடுப்பார்கள். சைவ வீட்டில் வேலி வெட்டினால் பிணம் வருகிறது என்று அர்த்தம். உயிரோடு கிடக்கிற பிள்ளைக்கு யார் வெட்டுவார்கள்? மகாதேவி தலைவிரி கோலமாக வந்து வேலியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ரை பிள்ளை உசிரோடை கிடக்கிறாள்! ஆரடா வேலியிலை கத்தி வைக்கிறது? வெட்டினால் அவள் போயிடுவாள். அத்தான், நீங்கள் சொல்லுங்கோ!"

சகல கண்களும் மறுபடி என்னிடம். மூத்தவன் நான்தானே. சீட்டில் இருந்தபடியே, "ஓம், அது கூடாது. தள்ளுங்கோ, அசையும்" என்றேன். இதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது கூடாதுதான். ஊர் வழமை.

திரும்பத் தள்ளினார்கள். நாகேஸ்வரி எனக்குக் குடிக்கச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கதவுப் பக்கம் வந்து நீட்டினாள். நீட்டின கை அப்படியே நின்றது. அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். என் கால்தான். தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டுச் செம்போடு போனாள்.

மரியரட்ணத்தின் கைமணிக்கூட்டுக் கணக்கில் அரை மணியும் ஐந்து நிமிடமும். கடைசியில் தியாகலிங்கம் மகாதேவியைத் தள்ளிவிட்டுத் தானே கத்தியோடு வேலிக்கு வந்தார். வாத்தியாருக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. முதல் வெட்டுத் தவறியது. இரண்டாம் வெட்டுக்கு ஓங்கும்போது இரத்தினம்மா வெளியே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். பிள்ளையும் வெளியே வரவில்லை. தாயோடு உள்ளேயே.

அதற்குப் பிறகுதான் காலை எடுத்தேன். மரத்துப் போயிருந்தது.

மறுநாள் வேலி வெட்டினார்கள். பிணத்துக்கு வெட்டலாம், அதில் தடையில்லை. என் வேலியில் பதினொரு கதியால். எல்லாம் என் கையால் நட்டு, தழைத்து, மரமாய் நின்றவை. பாடை என் வளவுக்குள்ளால், என் படலையால் ரோட்டுக்குப் போனது. நான் முன்னால் நின்று வழி காட்டினேன். வலது கால் நொண்டியது. பெரியப்பனுக்குக் கவலையிலே நடக்க முடியவில்லை என்று சனம் கதைத்தது. சனத்தின் வாயை நான் மறிக்கவில்லை.

பத்தொன்பது நாள். இரண்டு உயிர். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்பதரை வரும்.

மார்ச் மூன்றாம் திகதி கடைசித் தாளைக் கிழித்தேன். அதற்கடுத்த கிழமை தியாகலிங்கம் இரண்டு கல்தூணும் ஒரு மேற்கல்லும் வண்டிலில் ஏற்றி வந்து ஒழுங்கை வாயில் இறக்கினார். வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குத் தெருவோரம் சுமைதாங்கி வைப்பது வழக்கம். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் இறக்கி வைத்து ஆறினால் அவளுடைய சுமையும் இறங்குமாம். நல்ல வழக்கம். ஆனால் ஒழுங்கை வாயில்தான் வைப்பேன் என்றார். ஊரில் எத்தனை சந்தி கிடக்கிறது? எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல் ஒருமுறை ஊன்றினால் பிறகு யார் பிடுங்குவது? லொறியால் நான் பத்து வருடம் பட்ட பாட்டை, மூன்று கல்லால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார். படித்த மூளை. மகளின் பெயரை வைத்து ஒழுங்கை பிடிக்கிற மனிதர்களும் இருக்கிறார்கள் ஐயா, பாருங்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நேற்று நீங்கள் உறுதியையும் பேணியையும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "அருளம்பலம், பழுதாகிக் கிடந்த லொறி ஆட்சி ஆகாது. அவையளும் பங்காளிகள். இது என்ரை இடம், விடமாட்டன் எண்டு வேணுமெண்டு மறிச்சதைக் காட்டவேணும்." நான், "அண்டைக்குத் தள்ளி வழி விட்டிருந்தால் பத்து வருஷமும் போயிருக்குமே?" என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்லையே. அவை கேட்டு நீர் வழி விட்டிருந்தால், அது உம்முடைய இடம் எண்டதுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாமே. ஒருநாளிலை ஒண்டும் முறியாது" என்றீர்கள்.

இரண்டு றாத்தல் வெங்காயத்துக்கு அரைச் சட்டம்தான் வரும் என்று அப்போதுதான் விளங்கியது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஐந்து சதத்துக்கு இழுபட்ட வியாபாரம், இரண்டு பக்கமும் குறைந்த சரக்கு. ஆனால் வாங்கின சரக்கு பழுது என்றால் வியாபாரி மூக்கால் அழுதுகொண்டிருக்க மாட்டான். எங்கே விற்கலாம் என்று பார்ப்பான். வழி விட்டதற்குச் சாட்சி இல்லை, சரி. மறித்ததற்குச் சாட்சி வேண்டும் என்கிறீர்கள். இருக்கிறதே.

ஆகவே எழுதுங்கள். லொறி பழுதென்றாலும் தள்ளினால் ஓடும். 1975 பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி மதியம், எதிராளிகள் வழி கேட்டபோது, பத்துப் பேர் தள்ளிக்கொண்டிருக்க, ஒழுங்கை என்னுடையது என்ற எண்ணத்தோடு, பிரேக்கை வேண்டுமென்றே மிதித்து, அரை மணியும் ஐந்து நிமிடமும் மறித்தவன் அருளம்பலமாகிய நான். தள்ளினவர்களின் பெயர் பத்தும் தருகிறேன். காலைக் கண்ட சாட்சி என் மனைவி நாகேஸ்வரி. அவள் பொய் சொல்ல மாட்டாள். செத்தவீட்டுச் செலவுச் சடங்கு முடிந்த நாளிலிருந்து அவள் தங்கையோடுதான் இருக்கிறாள், வெட்டின வேலிக்குள்ளால் போனவள். மகாதேவிக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேண்டாமா. ஒரு மாதமாகிறது. ஆறுதல் முடிந்ததும் வருவாள். அவளுக்காகத்தான் அந்த இடத்தை இன்னும் அடைக்காமல் வைத்திருக்கிறேன். சாட்சிக் கட்டளையை அந்த வீட்டுக்கே அனுப்புங்கள்.

கிளாக்கர்தம்பி ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? மை முடிந்ததோ? நீங்களும் ஏன் ஐயா எழும்பிப்போய்க் கதவைச் சாத்துகிறீர்கள்? காற்று நல்லாகத்தானே வந்தது.

சரி, கணக்கை நானே முடித்துத் தருகிறேன். நாள் மூவாயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு. பேணியில் தாளாக இருக்கிறது, ஒன்றும் குறையாது, எண்ணிப் பாருங்கள். ஒழுங்கை ஒன்று, அகலம் பத்தடி. லொறி ஒன்று, ஒரு சாண்கூட அசையவில்லை. உயிர் இரண்டு; முதலில் சொன்ன விலைப்படி பத்தொன்பது நாளுக்கு நேர். நிலுவை நிற்பது பதினொரு கதியால் மட்டும்தான், என் வேலியில் அவர்கள் வெட்டியது, அவர்கள் எனக்குத் தரவேண்டியது. செத்தவீடு நடந்த இடத்தில் போய் அதைக் கேட்க எனக்கு மனம் வராது. நான் அப்படிப்பட்டவன் அல்ல. எழுதுங்கள்: கதியால் பதினொன்று, தள்ளுபடி.